பைத்தியக்கார மேதை: ஒரு கட்டுக்கதையின் விலை

ஒரே நோய் தாக்கிய இரண்டு கணித மேதைகள். ஒருவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்னொருவர் நான்கு ஆண்டுகள் காணாமல் போய், பிச்சைக்காரர் கோலத்தில் கண்டெடுக்கப்பட்டார். வித்தியாசம் எங்கே இருந்தது?

2019 நவம்பர் 14. பாட்னாவில் ஒரு பெரிய அரசு மருத்துவமனை. வாசலில் ஸ்ட்ரெச்சர் மேல் ஒரு முதியவரின் உடல். பக்கத்தில் செய்வதறியாமல் நிற்கிறார் அவருடைய தம்பி. உடலை எடுத்துச் செல்ல ஆம்புலன்ஸ் வந்து சேரவில்லை. அந்தக் காட்சி தொலைக்காட்சிகளில் ஓட ஆரம்பித்த பிறகே அரசாங்கம் பதறியது. தலைவர்களின் இரங்கல், அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு, அடுத்த குடியரசு தினத்துக்கு பத்மஸ்ரீ என எல்லாம் வரிசையாக வந்தன. இறந்தவர் வசிஷ்ட நாராயண் சிங். பீகாரின் போஜ்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், போலீஸ் கான்ஸ்டபிள் ஒருவரின் மகனாகப் பிறந்து, அமெரிக்காவின் பெர்க்லியில் 1969-ல் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

அதற்கு நாலரை ஆண்டுகளுக்கு முன்பு, 2015 மே 19. நார்வேயின் ஆஸ்லோ நகரில் மன்னர் ஹரால்டின் கையால் கணிதத்துக்கான ஏபெல் பரிசு வாங்கினார் 86 வயது ஜான் நாஷ். பொருளாதாரத்துக்கான நோபலை 1994-லேயே வாங்கியவர். நான்கே நாளில், ஊர் திரும்பிய நாஷும் மனைவி அலிசியாவும் விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் வீட்டுக்குப் போகும்போது நியூஜெர்சி நெடுஞ்சாலை விபத்தில் சேர்ந்தே இறந்தார்கள். உலகப் பத்திரிகைகள் அத்தனையும் அந்தச் செய்தியைச் சுமந்தன.

இருவருக்கும் ஒரே துறை. இருவருக்கும் ஒரே நோய்: மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா. இருவரையும் அது பிடித்தது முப்பதை ஒட்டிய வயதில். இருவரைப் பற்றியும் சுற்றியிருந்தவர்கள் அடித்த கமென்ட்டும் ஒன்றே: “மேதைன்னா கொஞ்சம் அப்படித்தான் இருப்பாங்க.” கேட்பதற்குப் பாராட்டு போலத்தான் தெரிகிறது. ஆனால், இந்த ஒரு வாக்கியம் மனநோயாளிகளுக்குச் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல.

“ரொம்பப் படிச்சு மூளை குழம்பிடுச்சு!”

நம் ஊர்களிலும் இப்படி ஒருவர் இருப்பார். பஸ் ஸ்டாண்டிலோ, கோயில் மதிலோரமோ அழுக்கு வேட்டியும் கையில் பழைய பேப்பர் கட்டுமாக உட்கார்ந்திருப்பார். யாரோடும் பேச்சு கிடையாது. திடீரென்று பிசிறில்லாத இங்கிலீஷில் ஏதோ சொல்வார். டீக்கடையில் விசாரித்தால், “எம்.எஸ்ஸி. கோல்டு மெடல் சார். கணக்குல புலி. ரொம்பப் படிச்சு மூளை குழம்பிடுச்சு” என்பார்கள். சொன்னவர் அடுத்த டீயை ஆற்றப் போய்விடுவார். படிப்பின் மேல் பழி விழுந்துவிட்டதால் அது நோய் என்ற பேச்சே எழாது. டாக்டரைப் பற்றிய பேச்சும் எழாது.

டீக்கடையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெரிய மனிதர்களின் மனம் ஏன் எப்போதும் சோகத்தில் தோய்ந்திருக்கிறது என்ற கேள்வி அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் நூலிலேயே இருக்கிறது. 1864-ல் இத்தாலிய டாக்டர் செசாரே லொம்ப்ரோசோ மேதைமையும் பைத்தியமும் உடன்பிறப்புகள் என்று புத்தகமே எழுதினார். குற்றவாளியை முக அமைப்பை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று சொன்னதும் இதே லொம்ப்ரோசோதான். அந்தக் கொள்கையைக் குப்பையில் போட்ட உலகம், மேதைகளைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது.

காரணம் எளிது. காதை அறுத்துக்கொண்ட ஓவியர் வான்கோ நினைவில் நிற்கிறார். காலையில் எழுந்து, வேலையைப் பார்த்து, நேரத்துக்குத் தூங்கிய மேதை நினைவில் நிற்பதில்லை. ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, 87 வயது வரை பதிப்புப் பணியே வாழ்க்கையாக இருந்தார் உ.வே.சா. வானியற்பியலுக்காக 1983-ல் நோபல் வாங்கிய சுப்ரமணியன் சந்திரசேகர், 84 வயதில் இறக்கும் வரை நியூட்டனைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். இவர்களை வைத்து யாரும் ‘மேதையும் நிதானமும்’ என்று படம் எடுப்பதில்லை. 1921-ல் லூயிஸ் டெர்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், மிக உயர்ந்த ஐ.க்யூ. கொண்ட சுமார் 1,500 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். அவர்கள் பைத்தியமாகிவிடவில்லை. பெரும்பாலோர் ஆரோக்கியமாக, வேலை, குடும்பம் என்று வாழ்ந்தார்கள்.

தேதிகள் சொல்லும் கதை

நோய்தான் மேதைமையைக் கொடுத்தது என்றால், நோய் முற்றிய காலத்தில் வேலை உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். நாஷின் வாழ்க்கையில் தேதிகளைப் போட்டுப் பார்ப்போம்.

1950-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் சமர்ப்பித்த ஆய்வேடு முப்பது பக்கம்கூட இல்லை. அப்போது அவருக்கு 21 வயது. எதிராளிகள் தங்கள் முடிவை மாற்றாதவரை நானும் மாற்றுவதால் எனக்கு லாபமில்லை என்று எல்லோரும் நின்றுவிடும் ஒரு நிலை. இன்று ‘நாஷ் சமநிலை’ என்று பொருளாதார மாணவர்கள் முதல் ஏல விதிகளை வகுப்பவர்கள் வரை பயன்படுத்துவது அதைத்தான். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து நோபல் வாங்கித் தந்ததும் அதுவே. ஏபெல் பரிசைக் கொண்டுவந்த வடிவியல், வகைக்கெழுச் சமன்பாட்டு வேலைகள் 1950களில் முடிந்தவை.

நோய் வெளிப்படத் தொடங்கியது 1959-ன் ஆரம்பத்தில். அப்போது பணியாற்றிய எம்.ஐ.டி.யின் பொது அறைக்குள் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையோடு நுழைந்து, வேற்றுலகச் சக்திகள் இதன் வழியாகத் தனக்கு ரகசியச் செய்தி அனுப்புவதாகச் சொன்னார். சிகாகோ பல்கலைக்கழகம் கொடுக்க வந்த பேராசிரியர் பதவியை, தான் அண்டார்டிகாவின் பேரரசராகப் போவதாகச் சொல்லி மறுத்தார். பிறகு மருத்துவமனைகள், ஐரோப்பாவில் அலைச்சல், இன்சுலின் கோமா சிகிச்சை. பிரின்ஸ்டன் கரும்பலகைகளில் யாருக்கும் புரியாத எண் புதிர்களை எழுதிவைத்துவிட்டு மறையும் அவரை மாணவர்கள், கணிதத் துறைக் கட்டடத்தின் பெயரைச் சேர்த்து, ‘ஃபைன் ஹால் ஆவி’ என்று அழைத்தார்கள். நோய் கொடுத்த பட்டம் அதுதான். இடையிடையே தெளிந்த நாட்களில் கொஞ்சம் கணிதம் எழுதியதைத் தவிர, சுமார் முப்பது ஆண்டுகள் வீணாகப் போயின.

வான்கோவும் இதற்கு விலக்கில்லை. 1889 மே மாதம் செயின்ட் ரெமி காப்பகத்தில் சேர்ந்தவர் ஓராண்டில் ஏறத்தாழ 150 ஓவியங்கள் தீட்டினார். அவற்றில் ஒன்று ‘நட்சத்திர இரவு’. அப்படியானால் நோய்தானே வரையவைத்தது என்று கேட்கலாம். நோயின் தாக்குதல் வந்த வாரங்களில் அவரால் வேலை செய்ய முடியவில்லை. தெளிந்த இடைவெளிகளில்தான் வரைந்தார். அடுத்த தாக்குதல் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தைத் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களில் பார்க்கலாம்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷுமனின் கதை இன்னும் துல்லியமானது. அவருக்கு மனம் பொங்கும் காலமும் உண்டு, இருண்டு கிடக்கும் காலமும் உண்டு. உளவியலாளர் ராபர்ட் வைஸ்பர்க் 1994-ல் ஷுமனின் படைப்புகளை ஆண்டுவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றும் எத்தனை முறை இசைத்தட்டாகப் பதிவாகியிருக்கிறது என்பதை வைத்து அவற்றின் தரத்தை எடைபோட்டார். பொங்கிய ஆண்டுகளில் படைப்புகளின் எண்ணிக்கை கூடியது. தரம் கூடவில்லை.

அப்படியானால் தொடர்பே இல்லையா?

இருக்கிறது. ஆனால் டீக்கடை சொல்கிற தொடர்பு இல்லை.

நோய்வாய்ப்பட்டிருந்த நாஷை மருத்துவமனையில் பார்க்கப்போன ஒரு ஹார்வர்டு கணிதப் பேராசிரியர், தர்க்கமே உயிராக இருந்த நீ வேற்றுலகவாசிகளை எப்படி நம்புகிறாய் என்று கேட்டார். கணித யோசனைகள் எப்படி வந்தனவோ அதே வழியில்தான் இந்த எண்ணங்களும் வந்தன, அதனால்தான் நம்பினேன் என்பது நாஷின் பதிலின் சாரம். பைத்தியக்கார மேதை கதைக்கு இதைவிட வலுவான சாட்சி கிடைக்காது. ஆனால், கணிதத்தில் வந்த யோசனையை நாஷ் நிரூபணம் எழுதிச் சோதித்தார். தப்பாக இருந்தால் சக கணித அறிஞர்கள் தட்டிவிட்டார்கள். நோயில் அந்தச் சோதனை செத்துப்போனது. யோசனை வருவது பாதி. வந்ததைச் சலித்தெடுப்பது மீதி. அந்த மீதியைத்தான் நோய் பறிக்கிறது.

கூட்டம் நெரியும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நாம் வாரப் பத்திரிகை படிக்க முடிகிறது என்றால், கண்டக்டர் கூவலையும் ஹார்ன் சத்தத்தையும் மூளை தானாக வடிகட்டிவிடுவதால்தான். இந்த வடிகட்டி சிலருக்குக் கொஞ்சம் தளர்வாக இருக்கும். ஹார்வர்டைச் சேர்ந்த ஷெல்லி கார்சன் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தளர்ந்த வடிகட்டியோடு கூர்மையான அறிவும் சேர்ந்தவர்களிடம் படைப்புச் சாதனை அதிகம் தென்பட்டது. உள்ளே வரும் வெள்ளத்தைச் சமாளிக்கும் அறிவும் நினைவாற்றலும் இருந்தால் அது புதுமை. இல்லாவிட்டால் மூழ்கடிக்கும் குழப்பம். இதுதான் கார்சனின் விளக்கம்.

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் சைமன் கியாகா குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வு மிகப் பெரியது. நாற்பது ஆண்டுகளின் பதிவேடுகள், ஏறத்தாழ 12 லட்சம் மனநோயாளிகள், அவர்களின் உறவினர்கள். கலை, அறிவியல் துறைகளில் இருப்பவர்களுக்கு மனநோய் பொதுவாக அதிகம் என்று சொல்ல முடியவில்லை. பைபோலார் எனப்படும் இருமுனைக் கோளாறு மட்டும் விலக்கு. எழுத்தாளர்கள்தான் உண்மையான அபாயத்தில் இருந்தார்கள். மனச்சோர்வு, பதற்றம், போதை, மனச்சிதைவு எல்லாமே அவர்களிடம் கூடுதல். தற்கொலை ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம்.

அதே ஆய்வின் இன்னொரு கண்டுபிடிப்பைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மனச்சிதைவு நோயாளிகளின் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, பிள்ளைகளிடம் படைப்புத் தொழில்கள் அதிகம் காணப்பட்டன. ஐன்ஸ்டைனின் இளைய மகனுக்கும் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் மகளுக்கும் மனச்சிதைவு என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதாவது, நோய்க்கும் படைப்பாற்றலுக்கும் வேரில் ஏதோ ஒரு பங்கு பொதுவாக இருக்கலாம். அது லேசாகக் கிடைத்தவர் பலன் பெறுகிறார். முழுதாகத் தாக்கப்பட்டவர் இழக்கிறார். அந்தப் பொதுப் பங்கும் மிகச் சிறியது: ஐஸ்லாந்து மக்களின் மரபணுக்களை வைத்து 2015-ல் வெளியான ஆய்வில், நோய்க்கான மரபணுக்கள் படைப்பாற்றல் வேறுபாட்டில் விளக்கியது 1 சதவீதத்துக்கும் குறைவு.

மாத்திரை போட்டால் கற்பனை வற்றிவிடுமா?

கவிஞர்கள், இசைக் கலைஞர்கள், சினிமாக்காரர்கள் மனநல மருத்துவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. அந்தப் பயத்துக்கு ஓரளவு நியாயம் உண்டு. சில மருந்துகள் மந்தமாக்கும், கை நடுங்கவைக்கும், எடை கூட்டும். ஆனால், டென்மார்க் மருத்துவர் மோகன்ஸ் ஷோ 1979-ல், இருமுனைக் கோளாறுக்கான லித்தியம் மருந்தைச் சாப்பிட்டுவந்த 24 கலைஞர்களிடம் நேரடியாகவே கேட்டுப் பார்த்தார். 12 பேர் முன்னைவிட அதிகமாக வேலை செய்கிறோம் என்றார்கள். 6 பேர் மாற்றமில்லை என்றார்கள். குறைந்துவிட்டது என்றவர்கள் 6 பேர். நான்கில் மூன்று பேருக்கு நஷ்டமில்லை. நஷ்டம் என்று சொன்னவர்களுக்கும் மருந்தையோ அளவையோ மாற்றிப் பார்க்க டாக்டர் இருக்கிறார்.

மனநோய்க்கும் படைப்பாற்றலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து புகழ்பெற்ற கே ரெட்ஃபீல்டு ஜேமிசன் தானே இருமுனைக் கோளாறு உள்ளவர். லித்தியத்தை விட்டுவிட்டு மரணத்தின் விளிம்பு வரை போய்வந்தவர். பிறகு மருந்தைத் தொடர்ந்துகொண்டே பேராசிரியராக, எழுத்தாளராக உயர்ந்தார். 

நாஷ் மருந்தை விட்டுத்தானே குணமானார் என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மை. 1970-க்குப் பிறகு தான் மருந்து சாப்பிடவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். 2001-ல் வந்து நான்கு ஆஸ்கர் வாங்கிய ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ படத்தில், அவர் புதிய மருந்துகளைச் சாப்பிடுவதாக வசனம் வைத்ததும் அவர் வாழ்க்கைக்கு மாறானதே. ஆனால், வயதோடு தெளிந்த அந்த ஒரு மனிதருக்கு முப்பது ஆண்டுகள் செலவாயின. மருந்தை நிறுத்தி நோய் திரும்பியவர்கள் ஏராளம். அவர்களைப் பற்றிப் படம் வரவில்லை.

தாங்கிப் பிடித்த கைகள்

நாஷை மீட்டது எது? 1963-ல் அவரை விவாகரத்து செய்த அலிசியா, 1970-ல் அவருக்குப் போக்கிடம் இல்லாமல் போனபோது, தன் வீட்டில் ஓர் அறை கொடுத்தார். மறுபடி மருத்துவமனையில் அடைக்க மாட்டேன் என்பது அவர் முடிவு. கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டினார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் நாஷை வாசலோடு விரட்டவில்லை. நூலகத்தில் உட்காரவும் கரும்பலகையில் எழுதவும் விட்டது. பழைய நண்பர்கள் பேச்சை விடவில்லை. 2001-ல் நாஷும் அலிசியாவும் மீண்டும் மணம்புரிந்தார்கள்.

அதே பிரின்ஸ்டனில் இன்னொரு மேதை இருந்தார், குர்ட் கோடல். 25 வயதில் கணிதத்தின் அடித்தளத்தையே அசைத்தவர். யாரோ விஷம் வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், மனைவி அடீல் கைப்பட்ட சாப்பாட்டை மட்டுமே நம்பினார். 1977-ன் இறுதியில் அடீல் நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில் படுத்ததும் கோடல் சாப்பிடுவதை நிறுத்தினார். 1978 ஜனவரியில் இறந்தபோது அவருடைய எடை சுமார் 30 கிலோ. 

நம் ராமானுஜனையும் இங்கே நினைக்க வேண்டும். அவருக்கு மனநோய் என்று யாரும் முடிவுகட்டவில்லை. ஆனால், 1918-ல் லண்டனில் சுரங்க ரயில் பாதையில் உயிரை விடத் துணிந்தார். ரயில் நிறுத்தப்பட்டதால் தப்பினார். உடல்நோய், போர்க்காலத்தில் கிடைக்காத சைவச் சாப்பாடு, குளிர், தனிமை, மாமியார் மருமகள் சண்டையில் வந்து சேராத மனைவி ஜானகியின் கடிதங்கள் எல்லாம் அவரை அழுத்தின. தற்கொலை முயற்சி அன்று பிரிட்டனில் குற்றம். அவருடைய வழிகாட்டியான கணித அறிஞர் ஹார்டி போலீஸில் போய்ப் பேசி மீட்டார். சில மாதங்களில் ராயல் சொசைட்டி உறுப்பினர் கௌரவம் வந்தது. ராமானுஜன் மறுபடி எழுதினார். ‘மாக் தீட்டா’ சார்புகள் அவரது கடைசி ஆண்டின் வேலை. ஹார்டி அன்று போகாமல் இருந்திருந்தால் என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள்.

வசிஷ்ட நாராயண் சிங்குக்கும் குடும்பம் இருந்தது. தாயும் தம்பிகளும் கைவிடவில்லை. ஆனால், ஒரு கிராமத்துக் குடும்பம் எவ்வளவு தூரம் தனியாகச் சுமக்கும்? அமெரிக்காவிலிருந்து திரும்பி ஐ.ஐ.டி. கான்பூர் உள்ளிட்ட இடங்களில் பணியாற்றிய அவருக்கு 1970களின் நடுவில் நோய் முற்றியது. ராஞ்சியில் சிகிச்சை தொடங்கியது, இடையில் தடைபட்டது. 1989-ல் ரயில் பயணத்தின்போது காணாமல் போனார். 1993-ல் சாப்ரா அருகே டோரிகஞ்சில், அடையாளம் தெரியாத கோலத்தில் ஊர்க்காரர்களால் கண்டுபிடிக்கப்பட்டார். பிறகுதான் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் சிகிச்சை எல்லாம். கடைசிக் காலத்தில் பாட்னாவில் தம்பியின் குடும்பத்தோடு, நோட்டும் பென்சிலுமாக இருந்தார்.

அவர் ஐன்ஸ்டைனுக்கே சவால் விட்டார், நாசாவில் கம்ப்யூட்டர்கள் நின்றுபோனபோது மனக்கணக்கு போட்டார் என்று வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றுகிறது. இவற்றுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. அவர் உண்மையில் எழுதிய ஆய்வு 1974-ல் ஒரு மதிப்புமிக்க கணித இதழில் வெளியானது. அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. புராணத்தை வளர்த்தோம், மனிதரை விட்டுவிட்டோம்.

தமிழ் இலக்கியத்திலும் இந்தக் கணக்கு இருக்கிறது. கவிஞர் ஆத்மாநாம் மனநோயோடு போராடி 1984-ல் 33 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் வந்தது ‘காகிதத்தில் ஒரு கோடு’ என்ற ஒரே தொகுப்பு. அவருடைய நோயைப் பற்றி மயங்கிப் பேசுபவர்கள், எழுதப்படாமல் போன கவிதைகளைக் கணக்கில் வைப்பதில்லை. மனநோயாளிகளின் பேச்சை அலங்காரமில்லாமல் பதிவுசெய்தவர் எழுத்தாளர் கோபிகிருஷ்ணன். அவருடைய ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ படித்தவர்களுக்கு மனநோயில் கவித்துவம் தேடத் தோன்றாது.

மேதையாக இல்லாதவர்களுக்கு?

‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ வந்து உலகம் நாஷுக்காகக் கண்ணீர்விட்ட அதே 2001-ல், ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை எரிந்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகி இறந்தார்கள். அவர்களில் யாரும் மேதை என்று பெயர் வாங்கியவர்கள் இல்லை. பைத்தியக்கார மேதைக் கதையின் மிக மோசமான விளைவு இதுதான். சாதித்தவரின் மனநோய்க்கு ஒரு கிரீடம் சூட்டுகிறோம். சாதிக்காதவரின் மனநோய்க்குச் சங்கிலி.

2015-16ல் எடுத்த தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்னை இருக்கிறது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. சிகிச்சையை உரிமை என்கிறது. சட்டம் வந்துவிட்டது. “பேய் புடிச்சிருக்கு, மந்திரிச்சுட்டு வா”, “கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்” என்கிற அறிவுரைகளும் அப்படியே இருக்கின்றன.

குணமாவது நோபல்காரர்களுக்கு மட்டும் வாய்த்த வரமும் இல்லை. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பின் மருத்துவர்கள், முதன்முறை மனச்சிதைவு தாக்கிய 90 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, பார்க்க முடிந்தவர்களில் பெரும்பான்மையோர் நல்ல நிலையில் இருந்தார்கள். எல்லோரும் சாதாரணக் குடும்பத்து மனிதர்கள்.

எனவே, உங்கள் வீட்டில் நன்றாகப் படிக்கும் பிள்ளை திடீரென்று அறைக்குள் முடங்கினால், தூக்கம் கெட்டால், யாரோ தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொன்னால், குளிக்காமல் சாப்பிடாமல் இருந்தால், “படிப்பாளி, அப்படித்தான் இருப்பான்” என்று விட்டுவிடாதீர்கள். சுமாராகப் படிக்கும் பிள்ளை என்றாலும் இதேதான். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற ‘டெலி மானஸ்’ இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். டாக்டர் கொடுத்த மாத்திரையை, கொஞ்சம் தெளிந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பக்கவிளைவு இருந்தால் அவரிடமே சொல்லுங்கள். சீக்கிரம் போனால் சீக்கிரம் தெளிவு கிடைக்கும். இந்த நோயில் காலதாமதம்தான் பெரிய எதிரி.